கயாக் கட்ட வரைபடம் தேடுகிறீர்களா? அளவெடுப்பதில் இருந்து அச்சிடுவது வரை

கயாக் வரைபடம் தேட உட்காரும் பலரும் முதலில் பார்ப்பது படங்களைத்தான். வார்னிஷ் மினுமினுக்கும் மரப்படகு, பின்னால் பனிமலை, அலையில்லாத ஏரி. அந்தப் படத்தை நம்பி வரைபடம் வாங்கினால், பெரும்பாலும் கையில் கிடைப்பது வேறொருவர் உடம்புக்கும் வேறொரு தண்ணீருக்கும் போட்ட படகு. மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னப்போகும் வேலை இது. அதனால் இங்கே வரிசையை மாற்றி வைத்திருக்கிறேன்: முதலில் உங்கள் அளவு, அப்புறம் தண்ணீர், அப்புறம் கட்டும் முறை, கடைசியாகத்தான் வரைபடம்.

முதலில் உங்களை அளந்துகொள்ளுங்கள்

காகிதமே இல்லாமல் கயாக் கட்டியவர்கள் ஆர்க்டிக் கரையோர மக்கள். அவர்களுக்கு உடம்புதான் அளவுகோல். பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: படகின் நீளம், இரு கைகளையும் விரித்தால் வரும் அளவில் மூன்று மடங்கு. உட்காரும் இடத்தின் அகலம், இடுப்பு அகலத்தோடு இரண்டு முஷ்டி. ஆழம், ஒரு முஷ்டியும் அதன்மேல் நீட்டிய கட்டைவிரலும். கை விரித்தால் 170 செ.மீ. வருகிற ஒருவருக்கு இந்தக் கணக்கில் படகு 5.1 மீட்டர் வரும். சீல் வேட்டைக்குப் போகிறவருக்குச் சரியான அளவு. ஞாயிறு காலை ஏரியில் சுற்றப்போகிறவருக்கு அவ்வளவு நீளமும் வேண்டாம், அவ்வளவு ஒடுக்கமும் வேண்டாம். ஆனால் உடம்பில் இருந்து தொடங்கும் வழக்கம் இன்றைக்கும் சரியானதே.

நான்கு எண்களைக் குறித்து வையுங்கள். உடுப்போடு உங்கள் எடை. உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குதிகால்களைச் சேர்த்துப் பாதங்களை வெளிப்பக்கம் சாய்த்து வைத்தால் தரையில் இருந்து கட்டைவிரல் நுனி வரை உள்ள உயரம். கடைசியாக, உடன் எடுத்துப்போகும் சாமானின் எடை. பாதத்தின் உயரத்தை யாரும் அளப்பதில்லை. படகு முடிந்து உள்ளே காலை நுழைத்த பிறகுதான் மேல்தளம் விரலில் இடிக்கிறது என்று தெரியவரும்.

எடைதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். நீங்கள் 78 கிலோ, படகு 20, சாமான் 7 என்றால் மொத்தம் 105 கிலோ. நல்ல வரைபடம் ஒவ்வொன்றிலும் 'டிஸ்பிளேஸ்மென்ட்' என்று ஓர் எண் இருக்கும். படகு வடிவமைப்பாளர் நினைத்த நீர்க்கோட்டில், அதாவது தண்ணீர் மட்டம் படகைத் தொட வேண்டிய கோட்டில், மிதக்க வேண்டுமானால் மொத்த எடை அந்த எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். 90 கிலோவுக்குப் போட்ட படகில் 120 கிலோ ஏற்றினால் விளிம்பு தண்ணீருக்கு நெருங்கிவிடும், சின்ன அலையும் உள்ளே வரும். மறுபக்கம், 55 கிலோ ஆள் பெரிய படகில் ஏறினால் அது தண்ணீருக்கு மேலே தூக்கி நிற்கும், காற்று தன் இஷ்டத்துக்கு இழுத்துப்போகும்.

எந்தத் தண்ணீர்?

முட்டுக்காடு மாதிரி அமைதியான உப்பங்கழி, ஏரி, பிச்சாவரம் போன்ற குறுகிய வாய்க்கால் என்றால் 3.5 முதல் 4.2 மீட்டர் நீளமும் 65 முதல் 72 செ.மீ. அகலமும் போதும். சுலபமாகத் திரும்பும், சட்டென்று கவிழாது. கடலில் தூரம் போகிறவர்களுக்கான கயாக்குகள் 5 மீட்டரைத் தாண்டும், அகலம் 60 செ.மீ.க்குக் கீழே இறங்கும். அவற்றை ஓட்டக் கவிழ்ந்தால் நிமிரும் பயிற்சி வேண்டும். கிழக்குக் கடற்கரையில் கரையை முட்டி உடையும் அலையைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். முதல் படகை அங்கே கொண்டுபோகும் யோசனையைத் தள்ளி வையுங்கள்.

"நீளமான படகு வேகமாகப் போகும்" என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். நீர்க்கோட்டின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்தப் படகு வசதியாக எட்டக்கூடிய உச்ச வேகம் 'நாட்' (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். 11 அடி நீர்க்கோட்டுக்குச் சுமார் 4.4 நாட், அதாவது மணிக்கு 8 கிலோமீட்டர் சொச்சம். 16 அடிக்கு 5.4 நாட், ஏறக்குறைய 10 கிலோமீட்டர். ஆனால் பொழுதுபோக்குக்குத் துடுப்பு போடுகிறவர் பெரும்பாலும் 5, 6 கிலோமீட்டர் வேகத்தில்தான் போவார். தொடவே போகாத வேகத்துக்காக ஐந்து அடி கூடுதலாக ஏன் கட்ட வேண்டும்?

இன்னொரு கேள்வி வீட்டைப் பற்றியது. படகின் நீளத்தோடு இரு முனையிலும் ஒரு மீட்டர் இடம் வேண்டும். அதைவிட முக்கியம், கட்டி முடித்த படகு வெளியே வர வேண்டும். மாடிப்படியின் திருப்பத்தில் ஒரு நீண்ட ரீப்பரைப் படகின் நீளத்துக்கு வெட்டித் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் ஒன்று மொட்டை மாடியில் இருந்து கயிறு கட்டி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் துண்டு துண்டாகக் கழற்றும் வடிவத்தைத் தேட வேண்டும். அப்படிப்பட்ட வரைபடங்களும் கிடைக்கின்றன.

கட்டும் முறையைத் தீர்மானித்த பிறகு தேடுங்கள்

வீட்டில் கட்டுகிறவர்களுக்கு மூன்று முறைகள் பொருந்தும். ஒரு முறைக்குப் போட்ட வரைபடத்தை வைத்து இன்னொரு முறையில் கட்டுவது பெரும்பாலும் நடக்காது. அதனால் இந்த முடிவு முன்னாலேயே வந்துவிட வேண்டும்.

முதலாவது, தைத்து ஒட்டும் முறை. 4 மி.மீ. பிளைவுட்டில் நீண்ட பலகைகளை வெட்டி, ஓரங்களில் துளை போட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, உள்மூலையில் எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) மக்கு வைத்து, ஃபைபர் துணி ஒட்டுவது. கம்பியை அப்புறம் உருவிவிடலாம். சோழமண்டலக் கரையில் ஓடிய மசூலா படகுகளும் தைத்த படகுகள்தான். அவற்றில் தையல் கடைசிவரை இருந்து படகைத் தாங்கியது, இங்கே தையலுக்குப் பசை பிடிக்கும் வரைதான் வேலை. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில் வந்த மிரர் என்ற சின்ன பாய்மரப் படகு இந்த முறையை வீடுவீடாகக் கொண்டுபோனது. பேரி பக்னெலும் ஜாக் ஹோல்ட்டும் வடிவமைத்த அந்தப் படகு 70,000-க்கும் மேல் கட்டப்பட்டது. முதல் முறை கட்டுபவருக்கு இன்றும் அதிகமாகச் சொல்லப்படும் வழி இதுதான், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

இரண்டாவது, மெல்லிய மரச்சட்டங்களை அச்சுகளின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி உருவாக்கும் ஸ்ட்ரிப் முறை. அழகில் இதற்கு ஈடில்லை, நேரம் தின்பதிலும் அப்படித்தான். 6 மி.மீ. கனச் சட்டங்களை நூற்றுக்கணக்கான அடி அறுத்து எடுக்க நல்ல மேசை ரம்பம் வேண்டும்.

மூன்றாவது, சட்டகத்தின் மேல் துணி போர்த்துவது. ஆர்க்டிக்கில் சீல் தோல் போர்த்தினார்கள், இப்போது நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி போட்டு மேலே பூச்சு அடிக்கிறார்கள். இதில் எளிய வகை ஒன்று உண்டு: 12 மி.மீ. பிளைவுட்டில் ஐந்தாறு குறுக்குச் சட்டங்கள் வெட்டி, அவற்றின் பள்ளங்களில் நீண்ட ரீப்பர்களைக் கட்டி, மேலே துணியை இழுத்துத் தைப்பது. அச்சு மேசை வேண்டாம், எபாக்ஸியும் மிகக் குறைவு. படகின் எடை 12 முதல் 16 கிலோவுக்குள் நின்றுவிடும். பாறையும் சிப்பியும் உள்ள இடத்தில் கிழியும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் இடம் குறைவு, கருவிகள் குறைவு, மாடி வீடு என்றால் நான் கை காட்டுவது இதை.

எங்கே தேடுவது?

தைத்து ஒட்டும் வரைபடங்களுக்கு அமெரிக்காவில் மேரிலாந்தின் அனாபொலிஸ் நகரில் இருக்கும் செசபீக் லைட் கிராஃப்ட் நிறுவனத்தைப் பார்க்கலாம். வெட்டிய பலகைகள் அடங்கிய கிட் வாங்காமல் வரைபடமும் கையேடும் மட்டும் வாங்க முடியும். அவர்களுடைய வுட் டக் வரிசை ஏரிக்கும் உப்பங்கழிக்கும் ஏற்ற குட்டையான, அகலமான படகுகள். இங்கிலாந்தில் செல்வே ஃபிஷர் பலவகைச் சிறு படகுகளுக்கு வரைபடம் விற்கிறது. ஸ்ட்ரிப் முறைக்கு நிக் ஷேடின் கில்லெமாட் கயாக்ஸ், கனடாவின் பேர் மவுண்டன் போட்ஸ், ஸ்வீடனின் பியோர்ன் தோமாசன் ஆகியோரின் வடிவங்கள் பேர் பெற்றவை.

துணி போர்த்தும் முறையில் இலவசமாகத் தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் டாம் யோஸ்ட். மடக்கும் கயாக்குகள் உட்படத் தன் வடிவங்களின் அளவுகளையும் கட்டும் கையேட்டையும் அவர் விலையில்லாமலே வெளியிட்டார். பிளைவுட் சட்டகமும் ரீப்பரும் வைத்துக் கட்டும் வகைக்கு குட்ஸு கிராஃப்டின் ஜெஃப் ஹார்ட்டன், டேவ் ஜென்ட்ரி ஆகியோர் வரைபடம் விற்கிறார்கள். ஸ்ட்ரிப் முறையில் பிரையன் ஹான்சல் சில வடிவங்களை இலவசமாகத் தந்திருக்கிறார்.

பழைய கயாக்குகள் மேல் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு புதையல் இருக்கிறது. எட்வின் டாப்பன் ஆட்னி, ஹோவர்ட் சாப்பெல் இருவர் பெயரிலும் 1964-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட 'தி பார்க் கேனூஸ் அண்ட் ஸ்கின் போட்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கா' நூலில், அருங்காட்சியகங்களில் இருந்த கயாக்குகளை அளந்து வரைந்த கோட்டுப்படங்கள் வரிசையாக உண்டு. புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்தில் முழு நூலும் இலவசம். ஆனால் அவை கட்டுவதற்கான வரைபடங்கள் அல்ல, ஆவணங்கள். காய்ந்து சுருங்கிக் கோணிப்போன பழைய படகுகளை அளந்தவையும் இருக்கலாம். கிரீன்லாந்துக் கயாக்குகளில் பல 50 செ.மீ. அகலத்தை ஒட்டியே இருக்கும். நம்மில் பலருக்கு உள்ளே தொடையே நுழையாது.

அப்படிப்பட்ட ஒற்றை அளவுப்படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை. 1959-ல் கென் டெய்லர் என்ற கிளாஸ்கோ மாணவர் மேற்குக் கிரீன்லாந்தின் இக்லோர்சூட் கிராமத்துக்குப் போனார். அங்கே இமானுவேல் கோர்னேலியுசன் தனக்காகக் கட்டித் தந்த கயாக்கை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவந்தார். 1964-ல் டங்கன் வின்னிங் அதை அளந்து வரைந்தார். அந்த வரைபடம் கைமாறி ஜெஃப் பிளாக்ஃபோர்டிடம் வந்தது. தன் உடம்புக்கு ஏற்ப அதை நீட்டி, பிளைவுட்டில் ஒரு படகு கட்டினார் அவர். அதில் இருந்து பிறந்ததுதான் அனாஸ் அகூட்டா என்ற ஃபைபர் கயாக். பிரிட்டனின் கடல் கயாக்குகளில் பலவற்றுக்கு மூதாதை அது. ஒரு வேட்டைக்காரரின் கையளவு, காகிதத்தில் ஏறி, இன்னொருவர் உடம்புக்கு மாறி, தொழிற்சாலை வரை போயிருக்கிறது.

1950-களின் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்', 'பாப்புலர் சயின்ஸ்' இதழ்கள் கூகுள் புக்ஸில் முழுசாகப் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றிலும் கேன்வாஸ் கயாக் வரைபடங்கள் உண்டு. படிக்கச் சுவாரசியம். கட்டுவதானால் இரும்பு ஆணிக்குப் பதில் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ், கேன்வாஸுக்குப் பதில் பாலியெஸ்டர் என்று மாற்றி யோசிக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் மூழ்காமல் இருக்கக் காற்றுப்பை வைக்கும் ஏற்பாடு பலவற்றில் இருக்காது, அதையும் நீங்களே சேர்க்க வேண்டும்.

கணினியில் நீங்களே வடிவமைக்க கயாக் ஃபவுண்ட்ரி, ஃப்ரீஷிப் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. விளையாடிப் பாருங்கள், நீர்க்கோடும் அகலமும் எப்படி ஒன்றையொன்று இழுக்கின்றன என்பது புரியும். முதல் படகை மட்டும் அதில் வரைந்து கட்டாதீர்கள்.

வரைபடத்தைச் சோதிப்பது

இலவசமோ காசு கொடுத்ததோ, கீழே சொல்வதைத் தராத வரைபடத்தை நான் ஒதுக்கிவிடுவேன். எத்தனை கிலோ ஆளுக்கு என்ற எண். படகின் சொந்த எடை. பலகைகளின் முழு அளவு அச்சுப்படம், அல்லது அவற்றைப் பிளைவுட்டில் குறிக்கப் போதுமான அளவுகள். எட்டுக்கு நாலு ஷீட்டில் எதை எங்கே வெட்டுவது என்ற படம். பொருள் பட்டியல். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று சொல்லும் கையேடு. கடைசியாகச் சொன்னது இல்லாமல் அழகான கோட்டுப்படம் மட்டும் இருந்தால், ஏற்கெனவே இரண்டு மூன்று படகு கட்டியவருக்குத்தான் அது பயன்படும். காசு கொடுத்து வாங்கும் வரைபடத்தில் நீங்கள் வாங்குவது கோடுகளை மட்டுமல்ல, வடிவமைப்பாளர் ஏற்கெனவே அனுபவித்த தலைவலிகளையும் சேர்த்துத்தான்.

அப்புறம், வேறு ஆட்கள் அதைக் கட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள். வடிவமைப்பாளரின் சொந்தப் படங்களை விடுங்கள். யாரோ ஒருவர் கார் ஷெட்டில் கட்டிக்கொண்டே எடுத்த மங்கலான படங்கள்தான் உண்மை சொல்லும். அணியம் (படகின் முன்முனை) பக்கம் பலகை முறுக்கி வளையும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே எல்லோரும் கம்பியை நெருக்கி நெருக்கிப் போட்டு, வெந்நீர்த் துணி சுற்றி வளைத்திருக்கிறார்கள் என்றால், உங்களுக்கும் அந்தச் சங்கடம் உண்டு. ஆள் உட்கார்ந்து தண்ணீரில் மிதக்கும் படம் கிடைத்தால் நீர்க்கோட்டைப் பாருங்கள். அமரம் (பின்முனை) தாழ்ந்து அணியம் தூக்கி நிற்கிறதா? அந்த ஆள் படகுக்குக் கனம், அல்லது இருக்கை பின்னால் போய்விட்டது.

சில விற்பனையாளர்கள் 'ஸ்டடி பிளான்' என்று குறைந்த விலையில் சுருக்கப்படம் தருவார்கள். வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது. உரிமையையும் கவனியுங்கள்: பொதுவாக ஒரு வரைபடத்துக்கு ஒரு படகு கட்டத்தான் அனுமதி. நண்பருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பதும், கட்டி விற்பதும் தனி அனுமதி கேட்கும் விஷயங்கள்.

எண்களைப் படிப்பது

பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் வரைபடங்களில் 'ஆஃப்செட்' அட்டவணை என்று ஒன்று இருக்கும். கட்டம் கட்டமாக 0-11-3, 1-0-5+ என்று எண்கள். முதல் முறை பார்க்கும்போது தலை சுற்றும். நம் ஊர் ஆசாரியிடம் கொடுத்தால் அவர் சுலபமாகப் படித்துவிடுவார், ஏனென்றால் அது அடி, அங்குலம், நூல். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். 0-11-3 என்றால் பதினோரு அங்குலம் மூன்று நூல், அதாவது 288.9 மி.மீ. பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் இன்னும் அரை நூல் சேர்த்து 290.5. கழித்தல் குறி இருந்தால் அரை நூல் குறைக்க வேண்டும்.

அட்டவணையின் இடமிருந்து வலமாக ஓடுவது படகின் நீளத்தில் சம இடைவெளியில் எடுத்த குறுக்குவெட்டுகள். அகலம் என்று கொடுத்திருப்பது எப்போதும் நடுக்கோட்டில் இருந்து ஒரு பக்கம் மட்டும். 288.9 என்றால் படகு அந்த இடத்தில் 577.8 மி.மீ. உயரங்கள் ஓர் அடிக்கோட்டில் இருந்து அளந்தவை. அந்தக் கோடு படகின் அடியிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை, கீழே எங்கேயோ காற்றில் இருக்கலாம்.

மாற்றும்போது அங்குலத்தை 25.4-ஆல் பெருக்குங்கள். கால் அங்குலத்தை 6 மி.மீ. என்று மனக்கணக்குப் போட்டால் ஒரு முறை 0.35 மி.மீ. தான் போகும், பத்து இடத்தில் சேர்ந்தால் மூன்றரை மி.மீ. இன்னொன்று, கொடுத்த அளவு பலகையின் வெளிப்பக்கத்துக்கா உள்பக்கத்துக்கா என்று குறிப்பில் தேடுங்கள். ஸ்ட்ரிப் முறையில் வெளி அளவை அப்படியே அச்சுக்கு வெட்டிவிட்டால், 6 மி.மீ. சட்டம் இரு பக்கமும் ஒட்டிய பிறகு படகு 12 மி.மீ. பருத்திருக்கும்.

அட்டவணைகளில் அச்சுப்பிழை சகஜம். அரை அகலங்கள் 0-8-6, 0-10-1, 0-9-3, 0-11-4 என்று போகின்றன என்று வையுங்கள். ஏறிக்கொண்டே வந்த எண் மூன்றாவது இடத்தில் இறங்கி மறுபடி ஏறுகிறது. எந்தப் படகும் அப்படி இடுப்பு ஒடுங்காது. கண்ணில் படாத சின்னப் பிழையைப் பிடிக்க, புள்ளிகளை முழு அளவில் தரையிலோ பிளைவுட்டிலோ குறித்து, ஒவ்வொன்றிலும் ஆணி அடித்து, கணு இல்லாத மெல்லிய ரீப்பரை வளைத்து வையுங்கள். குனிந்து தரையோடு கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். ரீப்பர் சீராக ஓடினால் எண்கள் சரி. ஒரே ஓர் ஆணியில் மட்டும் முழங்கை மடங்குவது தெரிந்தால், அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு ரீப்பரை அதன் போக்கில் விடுங்கள். அது போகும் கோடுதான் சரியானது. மேலே சொன்ன உதாரணத்தில் 0-10-7 பக்கம் போய் நிற்கும்.

அச்சிடுவது

பிடிஎஃப் வரைபடத்தை வீட்டு பிரிண்டரில் ஏ4 தாள்களாக எடுத்து ஒட்டலாம் என்று தோன்றும். சின்னக் குறுக்குச் சட்டங்களுக்குப் பரவாயில்லை. நாலு மீட்டர் பலகைக்கு வேண்டாம், ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணும். கட்டட வரைபடம் அச்சிட்டுத் தரும் கடைகளுக்குப் போங்கள், ஏ0 அகலத்தில் நீளமாக எடுத்துத் தருவார்கள். "ஆக்சுவல் சைஸ், நூறு சதவீதம்" என்று வாயால் சொல்லி, திரையிலும் பார்த்துவிடுங்கள். 'ஃபிட் டு பேஜ்' என்பது தானாகவே தேர்வாகியிருக்கும்.

தாள் வந்ததும் கடையிலேயே ஸ்டீல் டேப்பால் அளக்க வேண்டும். வரைபடத்தில் 100 மி.மீ. சோதனைச் சதுரம் இருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள். 100-ல் ஒரு மி.மீ. பிசகு கண்ணுக்குத் தெரியாது, அதே ஒரு சதவீதம் நாலு மீட்டரில் 4 செ.மீ. படத்தில் இருக்கும் மிக நீண்ட அளவை எடுத்து அளந்து பாருங்கள், அகலவாக்கிலும் தனியாக அளங்கள். தாள் உருளும் திசையில் மட்டும் இழுபடும் பிரிண்டர்கள் உண்டு. காகிதம் ஈரக்காற்றில் ஊறும், அதனால் மடிக்காமல் சுருட்டி, பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். அளவுகள் கொடுத்திருக்கும் பலகைகளுக்கு அச்சுப்படமே வேண்டாம். பிளைவுட்டில் நேராகக் கட்டம் போட்டு, புள்ளி குறித்து, ரீப்பரால் கோடு இழுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

வரைபடத்தில் சொன்ன மரமும் நம் கடை மரமும்

வெளிநாட்டு வரைபடங்கள் பெரும்பாலும் 4 மி.மீ. ஒகூமே மரைன் பிளைவுட்டை மனதில் வைத்துப் போட்டவை. அது லேசான மரம், கன மீட்டருக்குச் சுமார் 450 கிலோ. நம் கடையில் ஐஎஸ் 710 முத்திரையோடு கிடைக்கும் மரைன் பிளைவுட் கனமான மரத்தில் செய்தது, 700 கிலோ பக்கம் வரும். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றுக்கு 5.4 கிலோவா 8.3 கிலோவா என்பது வித்தியாசம். மூன்று ஷீட் போகும் படகில், வெட்டிக் கழித்தது போக, ஐந்தாறு கிலோ கூடிவிடும். அந்தக் கூடுதலை முன்னால் போட்ட எடைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, கொஞ்சம் அதிக எடை தாங்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். "நாலு இல்ல சார், ஆறு எடுத்துக்கங்க, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். எடை ஒன்றரை மடங்காகும், அணியத்தின் முறுக்கில் பலகை வளையவும் வளையாது.

முத்திரையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். சின்னத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, அடுப்பில் சில மணி நேரம் கொதிக்க விட்டு, காயவைத்து மறுபடி கொதிக்க விடுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தக் கடையை மறந்துவிடலாம். வெட்டின ஓரத்தில் இருண்ட ஓட்டைகள் தெரிந்தாலும் அப்படியே.

ஸ்ட்ரிப் முறை வரைபடங்கள் கேட்பது மேற்கத்திய செந்நிறச் சிடார், கன மீட்டருக்கு 370 கிலோ அளவில். தேக்கு 650. தேக்கு என்றால் நமக்குத் தனி மரியாதை, ஆனால் கயாக்குக்கு அது வீண் சுமை. அதே கனத்தில் அறுத்தால் மரத்தின் எடை முக்கால் பங்கு கூடும். லேசான, கணு குறைந்த மரம் எது கிடைக்கிறதோ அதை எடுங்கள், வலிமையைத் துணியும் எபாக்ஸியும் பார்த்துக்கொள்ளும்.

வெட்டுவதற்கு முன் ஒரு காகிதப் படகு

தைத்து ஒட்டும் வரைபடமாக இருந்தால் இதைத் தவறவிடாதீர்கள். பலகைகளை பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிச் சார்ட் அட்டையில் அச்சிட்டு வெட்டுங்கள். நாலு மீட்டர் பலகை 40 செ.மீ. ஆகும். செலோடேப்பால் ஓரங்களைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு பலகை பக்கத்துப் பலகையைவிட நீண்டு துருத்தினால், அச்சில் பிசகு அல்லது வரைபடத்திலேயே பிழை. எந்த ஓரம் எதோடு சேர்கிறது, அணியம் எப்படிக் கூடுகிறது என்பதைக் கையேட்டைவிட இந்த அட்டை நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

மாற்றங்கள் செய்ய ஆசை வரும். இருக்கையை நகர்த்துவது, கால் வைக்கும் கட்டை, பெட்டி மூடியின் இடம், பூச்சின் நிறம் எல்லாம் உங்கள் இஷ்டம். ஸ்ட்ரிப் முறையிலும் சட்டக முறையிலும் குறுக்குவெட்டுகளின் இடைவெளியை ஒரே சீராகக் கூட்டிக் குறைத்து, நீளத்தில் பத்து சதவீதம் வரை மாற்றுவார்கள். தைத்து ஒட்டும் பலகைகளை அப்படி இழுக்க முடியாது, ஓரங்கள் ஒன்றோடொன்று சேராமல் போகும். எல்லாத் திசையிலும் பத்து சதவீதம் பெரிதாக்கி அச்சிட்டால் படகு தாங்கும் எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், 1.1-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். மேல்தளத்துக்கு அடியில் முன்னும் பின்னும் வரும் தடுப்புப் பலகைகளை மட்டும் எடை குறைக்கிறேன் என்று எடுத்துவிடாதீர்கள். கவிழ்ந்த படகைக் கரை சேரும் வரை மிதக்க வைப்பவை அவைதான். உயிர்காப்பு அங்கியும் படகுச் செலவின் கணக்கில் முதலில் எழுத வேண்டிய பொருள்.

எபாக்ஸி வாங்கும்போது மெதுவாக இறுகும் ஹார்டனரைக் கேளுங்கள். வெப்பம் பத்து டிகிரி கூடினால் கலவை இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். கையேட்டில் 'அரை மணி நேரம் இருக்கிறது' என்று எழுதியவர் 20 டிகிரிக் கொட்டகையில் நின்று எழுதியிருப்பார், மே மாதச் சென்னையில் அது டப்பாவிலேயே புகையும். ஈரக்காற்றில் இறுகினால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் படியும், அதைத் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும். கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடாதீர்கள், ஒவ்வாமை ஒரு முறை வந்துவிட்டால் அப்புறம் போகாது. ஈரக்காற்று பசைக்கு ஆகாது என்பதால், வரைபடம் கைக்கு வந்தது அக்டோபர், நவம்பராக இருந்தால் அடைமழையில் பசை வேலையைத் தொடங்க வேண்டாம். அட்டை மாதிரி, அச்சுகள், குறுக்குச் சட்டங்கள் வெட்டுவது என்று உலர்ந்த வேலைகளை முடித்துக்கொண்டு, பிளைவுட் ஷீட்டைப் பொங்கலுக்கு அப்புறம் வாங்குங்கள். மார்ச் முடிவதற்குள் எபாக்ஸி வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.